பயத்தோடேயே ஏறலாம்

கேள்வி

எனக்கு 57 வயது. கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றுவிட்டேன். ஒரே மகள், கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள். வரும் மார்ச்சில் அவளுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்கு நான் போகவில்லை. 'முழங்கால் வலி, அவ்வளவு நேரம் உட்கார முடியாது' என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மாதான் போய் மூன்று மாதம் இருந்து பார்த்துக்கொண்டார். உண்மையான காரணம் என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு விமானம் என்றால் பயம்.

எட்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் போனோம். ஐப்பசி மாதம், நல்ல மழை. இறக்கையில் காற்றாடி சுற்றுகிற சின்ன விமானம். கதவைச் சாத்தியதுமே எனக்கு மூச்சு அடைத்தது. மேலே போனதும் குலுங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு வாங்கியது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. இறங்க வேண்டும் என்றால்கூட இறங்க முடியாதே என்ற நினைப்பு வந்ததும், கதவைத் திறக்கச் சொல்லிக் கத்திவிடுவேனோ என்று பயமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கவசம் சொன்னேன். நிறுத்தினால் விமானம் விழுந்துவிடும் என்று தோன்றியதால் இறங்கும்வரை நிறுத்தவே இல்லை. திரும்பும்போது ரயிலில் வந்துவிட்டோம். அதன்பின் விமானத்தில் ஏறவே இல்லை.

இப்போதெல்லாம் லிஃப்டிலும் ஏறுவதில்லை. கல்யாண மண்டபத்தில்கூட வாசல் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறேன், உள்ளே தள்ளி உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது. 2024 அக்டோபரில் திருச்சியில் ஒரு விமானம் இறங்க முடியாமல் வட்டமடித்ததை டி.வி.யில் பார்த்து அன்று இரவு தூங்கவில்லை. அடுத்த வருடம் அகமதாபாத். விமானம்தான் பாதுகாப்பு என்று என் அக்கா மகன் புள்ளிவிவரமாக அனுப்புகிறான். கணவர், 'விதி முடிஞ்சா திண்ணையில உக்காந்திருந்தாலும் போகும்' என்கிறார். இரண்டுமே எனக்கு உதவவில்லை. ஏறியதும் தூங்கிவிடுகிற மாதிரி மாத்திரை இருக்கிறதா? மார்ச்சுக்குள் இந்தப் பயத்தைப் போக்க முடியுமா? இந்த வயதில் இதெல்லாம் மாறுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

மனநல ஆலோசகரின் பதில்

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மாறும். இந்தப் பயம் உங்கள் மூளை கற்றுக்கொண்ட ஒன்று. ஐம்பத்தேழு வயதிலும் அது வேறொன்றைக் கற்றுக்கொள்ளும். மார்ச்சில் நீங்கள் மகள் பக்கத்தில் இருக்க முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் 'முதலில் பயம் போகட்டும், அப்புறம் ஏறுகிறேன்' என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கை மாற்ற வேண்டும். அந்த வரிசையில் அது நடக்காது. பயம் இருக்கும்போதே ஏற வேண்டும். ஏறி இறங்க, ஏறி இறங்கத்தான் அது குறையும். எட்டு வருடமாகப் பயம் போகட்டும் என்று காத்திருந்தீர்கள். அது போகவில்லை. லிஃப்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பரவியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை மறுபடி ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். விமானம் 'விழுந்துவிடும்' என்று எழுதியிருப்பது ஒரே ஓரிடத்தில். மூச்சு அடைத்தது, மூச்சு வாங்கியது, மூச்சு முட்டுகிறது, கதவைச் சாத்தினார்கள், இறங்க முடியாது, கத்திவிடுவேனோ – மற்றதெல்லாம் இதுதான். விமானப் பயம் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி, "அங்கே என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள்?" என்பதுதான். சிலருக்கு விபத்து பயம். சிலருக்கு உயரம். நல்லது கெட்டது எல்லாவற்றையும் தானே பார்த்துப் பழகிய சிலருக்கு, முகம் தெரியாத ஒருவர் ஓட்ட, தான் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் தாங்க முடியாது. உங்களுக்குப் பயம் விமானத்தின் மேல் கொஞ்சம். அந்த மூடிய இடத்தில் உங்கள் உடம்பு என்ன செய்யுமோ என்பதன் மேல் அதிகம். லிஃப்டும் மண்டபமும் அதற்குச் சாட்சி. லிஃப்ட் எங்கும் பறப்பதில்லையே.

அக்கா மகன் அனுப்புகிற புள்ளிவிவரம் உங்களைத் தொடாததற்கும் இதுதான் காரணம். அவர் சொல்வது உண்மை. 2024-ல் உலகம் முழுக்கச் சுமார் 4 கோடி விமானங்கள் பறந்ததில், உயிரிழப்பு ஏற்பட்ட விபத்துகள் 7. நம் நாட்டுச் சாலைகளில் 2022 ஒரே ஆண்டில் இறந்தவர்கள் 1,68,491 பேர். கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் போகும் தூரம்தான் உங்கள் பயணத்திலேயே ஆபத்தான பகுதி. ஆனால் 'எனக்கு மூச்சு அடைக்கிறது' என்று சொல்கிற ஒருவரிடம் 'விமானம் விழாது' என்று பதில் சொன்னால் கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே மூச்சைப் பற்றியே பேசுவோம்.

அன்று உங்களுக்கு வந்ததை 'பேனிக் அட்டாக்' என்பார்கள். ஆபத்து என்று மூளை நினைத்த நொடியில் அட்ரினலின் சுரக்கிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. நீங்களோ பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தக் காற்றுக்கு வேலை இல்லை. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், காற்று போதவில்லை என்று தோன்றும். போதவில்லை என்று இன்னும் இழுத்து இழுத்து விடுவோம். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். உங்கள் விரல் மரத்துப்போனது காற்று குறைந்ததால் இல்லை அம்மா, அதிகமாகச் சுவாசித்ததால்.

இதனால் மயக்கம் வருமா? பதற்றத்தில் ரத்த அழுத்தம் ஏறும். மயங்கி விழ அது இறங்க வேண்டும். அதனால்தான் பேனிக் அட்டாக் வந்தவர்கள் 'மயங்கிடுவேன்' என்று எவ்வளவு சொன்னாலும் மயங்கி விழுவது மிக அரிது. பைத்தியம் பிடித்ததுபோல் கத்திவிடுவோமா? அப்படித் தோன்றுவது இந்த நிலையின் ஓர் அடையாளம். தோன்றுவதோடு அது நின்றுவிடும். நீங்களும் அன்று கத்தவில்லை, உட்கார்ந்துதான் இருந்தீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விமானம் அந்த உயரத்தில் பறக்கும்போது, உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கதவை அழுத்திப் பிடித்திருக்கும். எந்த மனிதராலும் அதைக் கையால் திறக்க முடியாது.

பேனிக் அட்டாக்கின் உச்சம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். அதற்குமேல் ஏற உடம்பில் வழி இல்லை, தானாக இறங்கும். மதுரை வரைக்கும் நீடித்தது என்றால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதை அடக்கப் போராடிப் போராடித் திரும்பத் திரும்ப ஏற்றிவிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

விமானத்துக்குள் காற்று உண்மையிலேயே குறைவா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறைவுதான். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே வைத்திருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் ஒரு மலை ஊரின் அளவுக்கு இருக்கும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துக்கொண்டு கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போயிருப்பீர்கள். ஏரிக்கரையில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு நடந்தபோது மூச்சு முட்டியதா? அதே காற்றுதான் இங்கேயும். மூடிய டப்பா மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாறிக்கொண்டே இருக்கிறது. உங்கள் வீட்டு ஏ.சி. அறையில்கூட அவ்வளவு வேகமாக மாறுவதில்லை.

இதைப் படித்து 'சரி' என்று தலையாட்டினால் போதாது. உடம்புக்குத் தெரிய வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை: உங்கள் வயதில் படபடப்பு என்றால் முதலில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், இ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின் நான்கையும் பார்த்துவிடட்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். எல்லாம் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகு, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடுங்கள். விரல் குறுகுறுக்கும், தலை சுற்றும், நெஞ்சு அடிக்கும். அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணீர் குடிக்காதீர்கள், எழுந்து வெளியே போகாதீர்கள், கவனத்தைத் திருப்பாதீர்கள். அது தானாக அடங்குவதைப் பாருங்கள். தினம் இரண்டு மூன்று தடவை, ஒரு வாரம் செய்தால் 'இது ஒரு கெட்ட உணர்ச்சி, ஆபத்து இல்லை' என்று உடம்பே புரிந்துகொள்ளத் தொடங்கும். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று நாங்கள் செய்வதில் இது ஒரு முக்கியமான பகுதி.

அடுத்து, அந்தக் குலுக்கல். காற்றாடி விமானங்கள் ஜெட் விமானங்களைவிடத் தாழ்வாகப் பறப்பவை. ஐப்பசி மழையில் சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே அது மேகத்துக்குள்ளேயே போயிருக்கும். சிங்கப்பூருக்குப் போகும் ஜெட் விமானம் பெரும்பாலான நேரம் அந்த மேகங்களுக்கு மேலே போகும். அங்கும் குலுங்கும், குலுங்காது என்று நான் சொன்னால் முதல் குலுக்கலிலேயே என்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். இறக்கை வளைவதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், வளைவதற்காகத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பறக்கும்போது வரக்கூடிய உச்சபட்ச விசை எதுவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கிக் காட்டினால்தான் அந்த இறக்கைக்கு அனுமதியே கிடைக்கும். குலுக்கலில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் கடுமையாகக் குலுங்கி ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். உங்கள் மகள் ஊர்ச் செய்தி என்பதால் காதுக்கு வந்திருக்கும். அத்தனை கடுமையான குலுக்கலிலும் விமானம் உடையவில்லை. பாங்காக்கில் பத்திரமாக இறங்கியது. உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க, பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்தாலும், பெல்ட்டைக் கழற்றாமல் இருங்கள். உங்கள் பாதுகாப்புக்காக நீங்கள் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். இறக்கைக்குப் பக்கத்து வரிசையில் இருக்கை கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவாகத் தெரியும்.

சத்தங்களைப் பற்றியும் சொல்கிறேன். பயந்திருக்கும் காதுக்கு எல்லாச் சத்தமும் கெட்ட சகுனம். என்ஜினை ஓட்டத் தொடங்கும்போது ஏ.சி. காற்று சில நொடி குறையும், விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டும். சில ஏர்பஸ் விமானங்களில் காலுக்கடியில் யாரோ மரம் அறுப்பது போல 'கர்ர், கர்ர்' என்று விட்டு விட்டுக் கேட்கும். ஹைட்ராலிக் பம்ப், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் விமானத்தின் பாகங்களை இயக்குகிற பம்ப், வேலை செய்கிற சத்தம் அது. ஓடுதளத்தில் அரை நிமிடத்துக்கு மேல் வேகம், முதுகு இருக்கையில் அழுந்தும், மூக்கு தூக்கும். கொஞ்ச நேரத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம்: சக்கரம் உள்ளே மடங்கிவிட்டது. அதன்பின் வருவதுதான் எல்லோரையும் இருக்கைக் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வைப்பது. ஒன்றிரண்டு நிமிடத்தில் என்ஜின் சத்தம் சட்டென்று இறங்கும், வயிறு ஒரு கணம் கீழே போகிற மாதிரி இருக்கும். என்ஜின் நிற்கவில்லை. புறப்படும்போது கொடுத்த அதிகபட்ச விசையை வழக்கமான அளவுக்குக் குறைக்கிறார்கள். விமானம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்; உள்காது மட்டும் 'இறங்குகிறோம்' என்று தப்பாகச் சொல்லும். இந்த ஓர் இடத்தை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சிச் சம்பவத்தைச் சொல்லியிருந்தீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று இப்போது நிதானமாகப் பார்ப்போம். சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140-க்கும் மேற்பட்டவர்கள். எரிபொருள் நிரம்பிய எடையோடு இறங்கக் கூடாது, அந்த வகை விமானத்தில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதியும் கிடையாது. அதனால் எரித்துத் தீர்க்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்தார்கள். கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸும் வந்து நின்றன. விமானம் சாதாரணமாகத் தரையிறங்கியது, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். டி.வி.யில் சிவப்பு எழுத்தில் 'திக் திக்' என்று ஓடியதெல்லாம் விமானிகளுக்கு ஏற்கெனவே பயிற்சி கொடுக்கப்பட்ட நடைமுறை. நீங்கள் பயத்தோடு பார்த்த அந்த வட்டங்கள்தான் அவர்களைக் காப்பாற்றியவை.

அகமதாபாத் அப்படி இல்லை. 2025 ஜூன் 12 அன்று விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அந்தக் காட்சியைப் பார்த்துப் பதறாதவர் இல்லை. நீங்கள் பதறியதில் எந்தக் கோளாறும் இல்லை. விபத்தே நடக்காது என்று உங்களுக்கு நான் எழுதித் தர முடியாது. பஸ்ஸுக்கும் அப்படித் தர முடியாது. ஆனால் ஒரே காட்சியை நூறு தடவை பார்த்தால் மூளை அதை நூறு விபத்தாக எண்ணிக்கொள்ளும். பத்திரமாக இறங்கிய கோடிக்கணக்கான விமானங்களை யாரும் படம் பிடித்து அனுப்புவதில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் விமான விபத்து வீடியோ வந்தால் திறக்காதீர்கள், அனுப்பியவரிடமும் இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மதுரையிலிருந்து ரயிலில் திரும்பினீர்களே, அப்போது நெஞ்சுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! அந்த நிம்மதிதான் பயத்தைக் கெட்டிப்படுத்தியது. 'ஏறாததால் தப்பித்தேன்' என்று மூளை எழுதி வைத்துக்கொண்டது. தவிர்ப்பது, கடனுக்கு வட்டி மட்டும் கட்டுவது போல. அப்போதைக்குக் கதவைத் தட்ட மாட்டார்கள், அசல் அப்படியே நிற்கும். நீங்கள் கட்டிய வட்டியில் ஒரு பேரப்பிள்ளையின் முதல் மூன்று மாதம் போயிருக்கிறது. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இந்த முறை அதைக் கட்டக் கூடாது என்றுதான் நீங்கள் எனக்கே எழுதியிருக்கிறீர்கள்.

தவிர்ப்பது வேறு உருவத்திலும் வரும். கவசம் சொன்னீர்கள். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். தெய்வம் துணை இருக்கிறது என்று நம்பி ஏறுவது பெரிய பலம். ஆனால் 'நிறுத்தினால் விழுந்துவிடும்' என்று நீங்கள் எழுதியிருப்பது பக்தி இல்லை, பயம் போட்ட நிபந்தனை. அன்று பத்திரமாக இறங்கியதற்குக் காரணம் நீங்கள் நிறுத்தாமல் சொன்னதுதான் என்று மனது முடிவு கட்டிவிட்டது. விமானம் சாதாரணமாகவே பத்திரமாக இறங்கும் என்பதை அது கற்றுக்கொள்ளவே இல்லை. அதனால் ஏறும்போது ஒரு முறை மனதார முழுதாகச் சொல்லுங்கள். பிறகு வேண்டுமென்றே நிறுத்திவிடுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள், சாப்பிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். இறக்கையையே உற்றுப் பார்ப்பது, பணிப்பெண்ணின் முகத்தில் கலவரம் தெரிகிறதா என்று தேடுவது, கணவர் கையை இறங்கும்வரை விடாமல் பிடித்திருப்பது – இவையும் இதே ரகம். ஒவ்வொன்றாகக் கைவிடுங்கள்.

மாத்திரை கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. ஆனால் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், காரணத்தைச் சொல்கிறேன். வில்ஹெல்ம், ராத் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விமானப் பயம் உள்ள 28 பெண்களில் பாதிப் பேருக்கு அல்பிரசோலம் என்ற பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. முதல் பயணத்தில் மருந்து போட்டவர்களுக்குப் பயம் குறைவாக இருந்தது. ஒரு வாரம் கழித்து எல்லோரையும் மாத்திரை இல்லாமல் ஏற்றினார்கள். இப்போது மருந்து போட்டிருந்தவர்களில் 71 சதவீதம் பேருக்குப் பேனிக் அட்டாக். போலி மாத்திரை போட்டவர்களில் 29 சதவீதம் பேருக்குத்தான். மருந்து அன்றைய பயத்தைக் குறைத்தது, கூடவே கற்றுக்கொள்வதையும் தடுத்துவிட்டது. நீங்கள் போக வேண்டும், திரும்பி வர வேண்டும், பேரப்பிள்ளை வளர வளர மறுபடி போக வேண்டும். உங்களுக்குத் தேவை ஒரு நாள் தூக்கம் அல்ல. அதோடு சில தூக்க மாத்திரைகளையும் பதற்ற மாத்திரைகளையும் சிங்கப்பூருக்குள் எடுத்துப் போக அங்கே முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தெரிந்தவர் கொடுத்தார் என்று கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். எப்போதும் பதற்றமாகவே இருக்கிறது, தூக்கமே இல்லை என்றால் மனநல மருத்துவர் வேறு வகை மருந்தைத் தொடர்ந்து எடுக்கச் சொல்லலாம். அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். டிக்கெட்டை இந்த வாரமே போடுங்கள். பிறகு லிஃப்டிலிருந்து ஆரம்பியுங்கள். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு ஜவுளிக்கடை லிஃப்ட் போதும், கூட்டமில்லாத காலை நேரமாகப் பாருங்கள். ஒரு நோட்டை எடுத்துப் போங்கள். ஏறுவதற்கு முன் பயம் நூற்றுக்கு எத்தனை என்று மார்க் போடுங்கள், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள்: 'மூச்சு நின்றுவிடும்', 'கத்திவிடுவேன்'. முதல் நாள் கணவரோடு, மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருங்கள், மார்க் பாதியாகும்வரை. ஒரு தடவை போய்விட்டு ஓடிவந்தால் அது கணக்கில் சேராது. அடுத்த நாள் அவர் மாடியில் நிற்கட்டும், நீங்கள் தனியாக ஏறிப் போங்கள். வந்து நோட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். பிள்ளைகளின் நோட்டைத் திருத்திய கைக்கு இது வழக்கமான வேலைதான். கல்யாண மண்டபத்தில் இனி நடு வரிசையில், நடு நாற்காலியில் உட்காருங்கள். ஜன்னல் திறக்க முடியாத ஏ.சி. பஸ்ஸில் திருச்சி வரை போங்கள். அங்கே புதுக்கோட்டை சாலையில் விமான நிலையத்தின் அருகே நின்று, விமானங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் ஒரு மணி நேரம் பாருங்கள். வீட்டில் ஹெட்போன் மாட்டி, விமானம் புறப்படும் சத்தத்தை உட்புறமிருந்து பதிவு செய்த வீடியோக்களை, சலித்துப்போகும்வரை கேளுங்கள்.

ஜனவரி கடைசிக்குள் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு முறை பறந்துவிடுங்கள். ஒரு மணி நேரம்தான். கட்டாயம் விமானத்திலேயே திரும்ப வேண்டும், ரயிலில் அல்ல. அந்தப் பயணத்தில் பயம் வரும். வரட்டும். வரவில்லை என்றால்தான் பயிற்சிக்குப் பயன் குறைவு. வந்தால் மூச்சை உள்ளே இழுக்கப் போராடாமல், மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள், 'வந்துவிட்டாயா, உட்கார்' என்று அதைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சிங்கப்பூர் பயணம் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். உச்சம் பத்து நிமிடம் என்பதை நினைவில் வைத்தால் அது அவ்வளவு நீளமாகத் தெரியாது. கிளம்புகிற அன்று காபியை மட்டும் ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள், அதுவும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். ஏறும்போதே பணிப்பெண்ணிடம், "எனக்கு விமானத்தில் பதற்றம் வரும்" என்று சொல்லிவிடுங்கள். தமிழிலேயே சொல்லலாம். அவர்களுக்கு இது தினமும் பார்க்கிற விஷயம், நடுவில் வந்து ஒரு வார்த்தை கேட்பார்கள்.

உங்கள் கணவர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். ஐயா, நீங்கள் ஆறுதலுக்காகச் சொல்கிற விதி வசனம் அவர் காதில் 'விழலாம், விழுந்தால் என்ன' என்று கேட்கிறது. 'ஒண்ணும் ஆகாது' என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் வேண்டாம். அதைச் சொல்லச் சொல்ல, அடுத்த முறையும் யாராவது சொன்னால்தான் ஏற முடியும் என்று ஆகிவிடும். "பயமா இருக்கா? சரி, இருக்கட்டும். நான் கூட இருக்கேன்" என்றால் போதும்.

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் அம்மா. முழங்கால் வலிக்காக அம்மா வரவில்லை என்று அவர் இத்தனை நாள் நினைத்திருப்பாரா, வர மனமில்லை என்று நினைத்திருப்பாரா என்பது உங்களுக்குத் தெரியாது. பயத்தை மறைப்பதற்குச் செலவாகும் சக்தி, பயத்தைத் தாங்குவதற்கு வேண்டியதைவிட அதிகம். தெரிந்தால் அவரே உங்களுக்குத் துணையாக நிற்பார். அப்படிச் சொல்லும்போது 'நிச்சயம் வந்துடுவேன்' என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். 'பயிற்சி ஆரம்பிச்சிருக்கேன்' என்று சொல்லுங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்வது கஷ்டமாக இருந்தால், உதவி பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கியது. தனியாரிடம் போவதானால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய நகரங்களில் சிலர் கண்ணில் மாட்டும் கருவி வழியாக, விமானத்துக்குள் இருப்பது போன்ற காட்சியைக் காட்டிப் பழக்குகிறார்கள். அமெரிக்காவில் பார்பரா ராத்பாம் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் அது நேரடிப் பயிற்சிக்கு இணையாகவே பலன் தந்தது. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஜவுளிக்கடை லிஃப்டே போதும்.

ஒருவேளை சென்னைக்குக் கிளம்பிய அன்று விமான நிலைய வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் நடக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுது, 'எனக்கு இது ஆகாது' என்று நோட்டை மூடி வைத்துவிடாதீர்கள். எந்த இடத்தில் திரும்பினீர்கள், அப்போது பயம் எத்தனை மார்க், மனதில் என்ன ஓடியது என்று எழுதுங்கள். வாசல்வரை போனது எட்டு வருடத்தில் நீங்கள் போகாத தூரம். எழுதி முடித்ததும், அந்த வாரத்துக்குள்ளேயே வருகிற இன்னொரு நாளுக்கு மறுபடி டிக்கெட் போடுங்கள். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த பிறகும் வருடக்கணக்காக இடைவெளி விட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது, சென்னை வரைக்குமாவது, ஏறி இறங்கிக்கொண்டிருங்கள்.